‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

கவனக்குறைவு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள இளையோருக்கான போதை மீட்பு சிகிச்சை: குடும்பத்தினருக்கு ஒரு விளக்கம்

துவாக்குடித் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். பள்ளி நாள்களில் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலத்தில் தொடங்கிய பழக்கம், பின்னர் மதுவாகி, அதன்பின் வலி நிவாரணி மாத்திரைகளில் வந்து நின்றிருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொன்னோம், வெள்ளிக்கிழமை வந்தார். குழு ஆலோசனையில் அமர வைத்தோம். பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்றாம் முறை வரவேயில்லை. அவருடைய கோப்பில் நாங்கள் எழுதியது ஒரே சொல்: ‘ஒத்துழைக்கவில்லை’.

இரண்டு மாதங்கள் கழித்துத் தாயார் மட்டும் வந்தார். “டாக்டர், அவன் வேணும்னு வராம இருக்கலைங்க. இன்னைக்கு என்ன கிழமைன்னே அவனுக்கு நினைவுல நிக்கிறதில்ல. சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான்” என்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மகனுடைய பள்ளி மதிப்பெண் அட்டைகளை ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பு ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் வெவ்வேறு கையெழுத்தில் ஒரே குறிப்பை எழுதியிருந்தார்கள்: கெட்டிக்காரன், ஆனால் ஓரிடத்தில் உட்காருவதில்லை, தொடங்கிய எதையும் முடிப்பதில்லை.

முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அன்றுதான் கேட்டோம். அந்த இளைஞருக்குச் சிறு வயது முதலே கவனக்குறைவு மிகையியக்க நிலை (ஏ.டி.எச்.டி.) இருந்தது பின்னர் உறுதியானது. கிழமை மாறி வந்ததும், குழுவில் அமர முடியாமற் போனதும் விருப்பமின்மை அல்ல. எந்த நிலைக்கு உதவி தேவைப்பட்டதோ அந்த நிலையின் அறிகுறிகளையே நாங்கள் ஒத்துழையாமை என்று பதிவு செய்திருந்தோம்.

(அடையாளம் வெளிப்படாதிருக்க, ஒத்த நிலையில் எங்களிடம் வந்த சிலருடைய விவரங்களை இணைத்து இங்கே எழுதியுள்ளோம்.)

வேறுபட்ட மூளை, வேறுபட்ட பாதை

பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் அமையும் வேறுபாடுகள் சிலருக்கு உண்டு. ஏ.டி.எச்.டி., ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை சோம்பலோ, வளர்ப்பின் குறையோ அல்ல. பலருக்கு இவை இளமைப் பருவத்திலும் அதன் பின்னும் தொடர்கின்றன. குழந்தைப் பருவத்தில் ‘துறுதுறுப்பு’, ‘கூச்ச சுபாவம்’, ‘படிப்பு ஏறவில்லை’ என்று கடந்து போனவை, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற வரும்போதுதான் முதன்முதலாகப் பெயர் பெறுகின்றன.

ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகள் வளர்ந்தபின் போதைப் பழக்கத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இருமடங்கு என்பது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் தொகுப்பில் தெரிய வந்துள்ளது. போதை மீட்பு சிகிச்சைக்கு வருவோரில் ஏறத்தாழ நான்கு அல்லது ஐந்து பேருக்கு ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகவும் அத்தகைய தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்கள் விதிகளை மீற மாட்டார்கள், ஆகவே அவர்களுக்குப் போதைப் பழக்கம் வராது என்று முன்னர் கருதப்பட்டது. சுவீடனில் மிகப் பெரும் எண்ணிக்கையினரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு இக்கருத்தை மாற்றியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் போதைப் பொருள் சார்ந்த சிக்கல்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பதையும், ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருந்தால் அது மேலும் கூடும் என்பதையும் அது காட்டியது.

காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஏ.டி.எச்.டி. உள்ளவர் யோசிக்குமுன் செயல்பட்டுவிடுகிறார். புகையிலை சிறிது நேரம் கவனத்தைக் கூட்டுவதாகவும் உணர்கிறார். ஆட்டிசம் உள்ளவர் கூட்டத்தையும் உரையாடலையும் தாங்கிக்கொள்ள மதுவை நாடுகிறார். கற்றல் குறைபாடு உள்ளவர் வகுப்பில் பட்ட அவமானத்தை மறக்க, தம்மை ஏற்றுக்கொள்ளும் ஒரே நண்பர் குழுவோடு சேர்கிறார். அந்தக் குழுவில் போதை இருக்கிறது. இம்மூவரிடமும் ‘குடிக்காதே’ என்று மட்டும் சொன்னால், அவர்கள் எதற்காகக் குடித்தார்களோ அது அப்படியே எஞ்சி நிற்கும்.

துவாக்குடி போன்ற தொழிற்பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, முகர்ந்து போதை கொள்ளும் பொருள்களில் மட்டுமே பெரியவர்களைவிட (0.58 விழுக்காடு) 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரின் பயன்பாடு (1.17 விழுக்காடு) அதிகம். பசை, தின்னர் போன்றவை பட்டறையிலும் வண்ணப்பூச்சு வேலையிலும் அன்றாடம் கையாளப்படுபவை. இவற்றை ஒரே ஒருமுறை முகர்ந்தாலும் இதயத் துடிப்பு திடீரென நின்றுபோகக்கூடும்.

சிகிச்சை எங்கே இடறுகிறது?

தமிழகத்தில் போதை மீட்பு சிகிச்சைக்கு நல்ல மரபு ஒன்று உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் தனியே சிகிச்சைத் திட்டம் உண்டு என்பதை நிலைநாட்டியது. அந்த மரபின் பயனை நாங்களும் பெற்றுள்ளோம். ஆயினும் குழு ஆலோசனை, விரிவுரை, கையேடு, குறித்த நாளில் மறுவருகை என்னும் வழக்கமான அமைப்பு, பெரும்பாலும் நடுத்தர வயதில் மதுவுக்கு அடிமையானவர்களை மனத்தில் கொண்டு உருவானது. வேறு விதமாகச் சிந்திக்கும் இளையோருக்கு இதன் ஒவ்வொரு படியும் இடறும் கல்லாக முடியலாம்.

காத்திருப்பை எடுத்துக்கொள்வோம். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கம் கோயிற்கூட்டத்தின் நடுவே சிக்கிக்கொண்டவருக்கு எப்படி இருக்கும் என்பது இவ்வூரார்க்குத் தெரியும். ஆட்டிசம் உள்ள பலருக்குச் சாதாரணத் திங்கட்கிழமைப் புறநோயாளிப் பிரிவே அப்படித்தான் இருக்கிறது. டோக்கன் எண்ணைக் கூவும் ஒலி, குழல் விளக்கின் துடிப்பு, மருந்து நெடி, தோளை உரசும் வரிசை ஆகிய எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தாங்கிய பின் எங்கள் முன் அமரும்போது, பேசுவதற்கு அவரிடம் வலு மிஞ்சியிருப்பதில்லை. ‘பேச மறுக்கிறார்’ என்று நாங்கள் எழுதுகிறோம்.

கேள்வியும் அப்படியே. “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்பார். பொய்யல்ல, அந்த நொடியில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். “கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள்?” என்று கேட்டால் சரியான எண்ணைச் சொல்வார். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தம் உணர்ச்சிகளை இனம் கண்டு சொல்லாக்குவது கடினம். வயிறு எரிவதும், கோபமும், போதைக்கான ஏக்கமும் ஒரே விதமான அமைதியின்மையாகவே அவர்களுக்குத் தெரியக்கூடும்.

மருந்துச் சீட்டில் ‘1-0-1’ என்று எழுதித் தருகிறோம். எண்ணும் எழுத்தும் குழம்பும் ஒருவருக்கு இது தெளிவான ஆணை அல்ல. அவர் தவறாக மாத்திரை எடுத்தால், அலட்சியம் என்கிறோம்.

வீட்டிலும் இதே நிகழ்கிறது. சமயபுரம் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கியதாகப் பெற்றோர் பலர் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால், உந்துதலைக் கட்டுப்படுத்தும் திறனே குறைவாக உள்ள பிள்ளை அந்தச் சத்தியத்தை மீறிவிட்டால், குற்றவுணர்வும் சேர்ந்து அவரை மேலும் ஆழத்துக்குத் தள்ளுகிறது. சத்தியம் வாங்குவதோடு நின்றுவிடாமல் சிகிச்சைக்கும் அழைத்து வாருங்கள்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இம்மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவைப்படவில்லை. இவற்றை எந்த மருத்துவமனையிலும் நீங்கள் கேட்கலாம்.

முதலாவதாக, குழு ஆலோசனையைக் கட்டாயமாக்குவதில்லை. தனி ஆலோசனை, அதுவும் இருபது நிமிடம் போதும் என்று வைத்துள்ளோம். ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் கேட்க முடியாதவர், மூன்று குறுகிய அமர்வுகளில் அதே பயனைப் பெறுகிறார். எழுந்து நடந்தபடியே பேசவும் அனுமதிக்கிறோம்.

இரண்டாவதாக, கூட்டம் குறைந்த நேரத்தை ஒதுக்குகிறோம். வாய்ப்பு இருந்தால் அமைதியான அறையில் காத்திருக்கச் செய்கிறோம். அன்று என்னென்ன நடக்கும், யார் பேசுவார்கள், எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதித் தருகிறோம். எதிர்பாராத மாற்றம் சிலருக்கு மிகுந்த பதற்றம் தரும். ஆதலால் இயன்றவரை ஒரே மருத்துவர், ஒரே ஆலோசகர் தொடர்கிறார்.

மூன்றாவதாக, மறுவருகைக்கு முந்தின நாள் மாலையும் வரவேண்டிய நாள் காலையும் தொலைபேசியில் நினைவூட்டுகிறோம். தவறவிட்டு வேறு நாளில் வந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை.

நான்காவதாக, மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலவும் வரைந்து தருகிறோம். அறிவுரைகளை ஒரு நேரத்தில் ஒன்றாக, நேரடிச் சொற்களில் சொல்கிறோம். “தவறான பாதையிலிருந்து திரும்பி வா” என்பதைவிட, “சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வா” என்பது பின்பற்றத்தக்க அறிவுரை. ஏக்கத்தின் அளவைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சுட்டிக்காட்ட வண்ண அட்டை ஒன்றும் வைத்திருக்கிறோம்.

ஐந்தாவதாக, மீண்டும் பயன்படுத்திவிட்டேன் என்று சொல்லி வருபவரைச் சிகிச்சையிலிருந்து நீக்குவதில்லை. இதற்கு இரக்கம் மட்டுமே காரணமல்ல; உயிர் காக்கும் காரணமும் உண்டு. சில வாரங்கள் வலி நிவாரணி போதை மாத்திரைகளை விட்டிருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. மனம் உடைந்து பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுபோகக்கூடும். எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

மருந்து குறித்த அச்சங்கள்

“ஏற்கெனவே மாத்திரைக்கு அடிமை, இப்போது இன்னொரு மாத்திரையா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து, சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மருத்துவர் சீட்டின்றிப் பெற இயலாது. குழந்தைப் பருவத்தில் இம்மருந்தை முறையாக எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன. ஏற்கெனவே போதைப் பழக்கம் உள்ளவருக்கு அடோமாக்செட்டின் போன்ற, போதை தராத மாற்று மருந்தும் உண்டு. எதைத் தருவது என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். எம்மருந்தாயினும் குடும்பத்தில் ஒருவர் பூட்டி வைத்து, எண்ணிக் கொடுப்பது நல்லது.

போதைப் பொருளும், அதை நிறுத்தும்போது வரும் தவிப்பும்கூடக் கவனத்தைக் குலைக்கும். ஆகவே இன்று காணும் அமைதியின்மையை மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்ய இயலாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்க வேண்டும். பழைய மதிப்பெண் அட்டைகள் எங்களுக்குப் பயன்படுவது இதனால்தான்.

குடும்பத்தினர் செய்யக்கூடாத இரண்டையும் சொல்லியாக வேண்டும். குடியை நிறுத்தும் மாத்திரை என்று வாங்கி, பிள்ளைக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்காதீர்கள். டைசல்பிரம் என்னும் அந்த மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படும், மரணமும் நேரலாம். மேலும், உணவின் சுவையிலும் ஒழுங்கிலும் நுட்பமான உணர்வுள்ள ஆட்டிசப் பிள்ளை இதைக் கண்டுபிடித்தால், வீட்டுச் சாப்பாட்டையே நம்பாமற் போவார்.

அதுபோலவே, நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாள்களில் கடும் குழப்பமும் நடுக்கமும் வரக்கூடும். இதற்கு மருத்துவமனையில் எளிய, பயனுள்ள சிகிச்சை உள்ளது.

சட்டம் தரும் உரிமைகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. எந்தச் சிகிச்சை மையத்திலும் ஒருவரைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால், பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். பெற்றோரோ, பொறுப்பாளரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். ‘ஒரு மாதம் யாரும் பார்க்கக் கூடாது’ என்று சொல்லும் மையத்தில் அத்தகைய பிள்ளையை விட்டுவராதீர்கள். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றுள்ளதா என்றும் கேளுங்கள்.

வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சைக்கு வரத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப் பழக்கமுள்ளவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். கோப்பில் நாங்கள் எழுதும் ‘ஒத்துழைக்கவில்லை’ என்னும் சொல்லின் கனம் இங்கே விளங்கும். சிகிச்சை முறை பொருந்தாமல் விலகியவர், மனமில்லாமல் விலகியவராகக் கருதப்பட்டுவிடக் கூடும். ஆதலால் பிள்ளையின் நிலையை மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிடப்பட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இடம்பெற்றுள்ளன. ஏ.டி.எச்.டி. அப்பட்டியலில் தனியே இல்லை. சிறாருக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

டெலி மானஸ் தொலைபேசி மனநல ஆலோசனை, 14416 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நேரில் பேசத் தயங்குபவர் பலருக்கு இதுவே முதல் வாயில். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

முதல் நாள் வரும்போது

பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளை எப்போது நடந்தார், எப்போது பேசினார், எந்த ஒலி, எந்தத் துணி, எந்த உணவு பிடிக்காது, எதில் மணிக்கணக்காக மூழ்கியிருப்பார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். காதடைப்பானோ, கையில் உருட்டும் பொருளோ அமைதி தருமானால் அதையும் கொண்டுவரட்டும். உங்கள் பிள்ளை பதினெட்டு வயது நிறைந்தவராயின், அவர் எங்களிடம் சொல்வதை அவர் ஒப்புதலின்றி உங்களிடம் சொல்ல இயலாது. எவற்றைப் பகிரலாம் என்று முதல் நாளே மூவரும் அமர்ந்து பேசி முடிவு செய்துகொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட இளைஞர் இப்போதும் எங்களிடம் வருகிறார். இடையில் இருமுறை பழைய பழக்கத்துக்குத் திரும்பினார். இருமுறையும் தாமே வந்து சொன்னார். பட்டறையில் அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் தருமாறு முதலாளியிடம் தாயார் பேசியிருக்கிறார். மறுவருகை நாளை அவர் இன்னும் சில முறை மறக்கிறார். அப்போது நாங்கள் தொலைபேசியில் அழைக்கிறோம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்துவிடுகிறார். கோப்பில் இப்போது ‘தொடர்ந்து வருகிறார்’ என்று எழுதுகிறோம்.